அமெரிக்கக் கவிதையில் இயைபும் சந்தமும்: உண்மையான மீட்சியா? (விவாத இழை)

வெண்தளை எழுதியது:

அண்மைக்கால அமெரிக்கக் கவிதை நூல்களைப் புரட்டும்போதெல்லாம் சானெட் என்னும் பதினான்கடி வடிவம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. 2018இல் எழுபது சானெட்டுகளை ஒரே தலைப்பின்கீழ் எழுதி நூலாக்கிய டெரன்ஸ் ஹேய்ஸ், 2020இல் புலிட்சர் பரிசு பெற்ற ஜெரிகோ பிரவுன், 2022இல் அதே பரிசைப் பெற்ற டயான் சூஸ் ஆகிய மூவரும் ஏதோ ஒரு வகையில் அந்த வடிவத்தோடு மல்லுக்கட்டியவர்கள். இதைப் பார்த்துவிட்டு, இயைபும் சந்தமும் அமெரிக்கக் கவிதைக்குத் திரும்பிவிட்டன என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கூற்று எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஸ்ரா பவுண்டும் அவருடைய தோழர்களும், மெட்ரோனோம் என்ற தாளக்கருவியின் தட்டலுக்கு ஏற்ப எழுதாமல் இசைத்தொடரின் ஓட்டத்தில் எழுதுமாறு கவிஞர்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஆயினும் 1950கள் வரை யாப்பு செல்வாக்கோடுதான் இருந்தது. 1946இல் இறுக்கமான யாப்பில் எழுதிப் பெயர் பெற்ற ராபர்ட் லோவெல், 1959இல் தம் குடும்பத்தையும் மனநோயையும் பொருளாக எடுத்துக்கொண்டு தளர்ந்த நடைக்கு வந்தார். அடுத்த ஆண்டே டொனால்ட் ஆலன் தொகுத்த புதிய அமெரிக்கக் கவிதைத் தொகுப்பு வெளிவந்து, யாப்பை ஏற்காத ஒரு தலைமுறை முழுவதையும் வாசகர்முன் நிறுத்தியது. ஜேம்ஸ் ரைட், ஏட்ரியன் ரிச் போன்றோர் யாப்பில் தொடங்கி நடுவழியில் அதைக் கைவிட்டார்கள்.

இதற்கு எதிர்வினையாக, பெரும்பாலும் 1940களிலும் 1950களிலும் பிறந்த சிலர் சந்தத்திலும் இயைபிலும் எழுதத் தொடங்கினார்கள். டேனா ஜோயா, டிமோதி ஸ்டீல், மார்க் ஜார்மன், டேவிட் மேசன் ஆகியோர் இவர்களில் முக்கியமானவர்கள். நியூ ஃபார்மலிசம் (புதிய வடிவவாதம்) என்ற பெயர் இவர்கள் தாமாகச் சூட்டிக்கொண்டதன்று. 1985இல் ஏரியல் டாசன் என்பவர் 'யப்பிக் கவிஞர்' (யப்பி என்றால் நகரத்து வசதியான இளம் உத்தியோகஸ்தர்) என்ற தலைப்பில் இவர்களைக் கேலி செய்து எழுதிய கட்டுரையிலிருந்து ஒட்டிக்கொண்டது. பிறகு 1990இல் யாப்பைப் பற்றிய ஸ்டீலின் ஆய்வு நூல், 1991இல் அட்லாண்டிக் இதழில் ஜோயா எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, 1995இல் பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜோயாவும் மைக்கேல் பைக்கும் தொடங்கிய ஆண்டு மாநாடு, 1996இல் ஜார்மனும் மேசனும் தொகுத்த இருபத்தைந்து கவிஞர்களின் தொகுப்பு என்று வரிசையாக வந்தன.

இன்று கண்ணில் படும் சானெட்டுகள் இந்த இயக்கத்தின் விளைச்சலா, அல்லது இதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வழியாக வந்தவையா? என் ஐயம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. நண்பர்கள் சொல்ல வேண்டும்.

கரிசல்காற்று எழுதியது:

வெண்தளை அவர்களுக்கு வணக்கம். நல்ல கேள்வி, ஆனால் பின்னணியில் இரண்டு திருத்தங்கள் தேவை.

முதலாவது, 1991ஆம் ஆண்டுக் கட்டுரை யாப்பைப் பற்றியதே அன்று. கவிதை பொது வாசகரை இழந்து, பல்கலைக்கழகத் துறைகளுக்குள் ஒருவர் எழுதியதை மற்றவர் பாராட்டும் சிறு குழுவின் தொழிலாகச் சுருங்கிவிட்டது என்பதுதான் அதில் ஜோயாவின் முறையீடு. யாப்புக்கான வாதத்தை அவர் 1987இல் ஹட்சன் ரிவியூ இதழில் தனியாக எழுதினார். அந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, வாசகரை மீட்டுத் தரப்போவது யாப்புதான் என்று அவர் வாக்குறுதி தந்ததாகப் பலர் எழுதிவிட்டார்கள். பிறகு வாசகர் வரவில்லையே என்று அவரையே குற்றமும் சாட்டினார்கள்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். மீட்சி என்றால் முதலில் மறைவு நிகழ்ந்திருக்க வேண்டும். யாப்பிலேயே எழுதிவந்த ரிச்சர்ட் வில்பர் 1957இல் புலிட்சர் பெற்றார். 1989இல் மறுபடியும் பெற்றார். இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் தம் நடையைச் சிறிதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஜேம்ஸ் மெரில், ஹோவர்ட் நெமரோவ், எக்ஸ். ஜே. கென்னடி ஆகியோர் எங்கும் போய்விடவில்லை. எலிசபெத் பிஷப் தம் மிகச் சிறந்த கவிதைகளுள் ஒன்றை 1976இல் வில்லனெல் என்ற திரும்பத்திரும்ப வரும் அடிகள் கொண்ட பழைய வடிவத்தில்தான் வெளியிட்டார். மறைந்தது யாப்பு அன்று, யாப்பைக் கற்பிக்கும் வழக்கம். பல்கலைக்கழகங்களில் கவிதைப் பயிலரங்குகள் பெருகிய காலத்தில் ஆசிரியர்களே அதைக் கற்காதவர்களாக இருந்தார்கள். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆன்டனி ஹெக்ட்டை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப்போரில் படைவீரராக இருந்து, ஃப்ளாசன்பர்க் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது அங்கே இருந்தவர் அவர். 1990இல் நூலாக வந்த ஒரு கவிதையில், 1942 ஆகஸ்ட் 5ஆம் நாள் அநாதை இல்லத்திலிருந்து மற்றக் குழந்தைகளோடு நடத்திச் செல்லப்பட்ட யோலெக் என்ற யூதச் சிறுவனைப் பாடுகிறார். வடிவம் செஸ்டினா. ஆறு அடிகளின் இறுதிச் சொற்கள் ஆறும் ஒவ்வொரு பத்தியிலும் இடம் மாறி மாறித் திரும்ப வர வேண்டும். உணவு, நடை, வீடு, முகாம், நாள் ஆகிய பொருளுடைய சொற்களும் ஒரு சிறு முன்னிடைச்சொல்லும்தான் அந்த ஆறு. முதல் பத்தியில் முகாம் என்பது மலையடிவாரத்தில் மீன் சுட்டுத் தின்னும் கோடைக்கூடாரம்; மூன்றாம் பத்தியில் அதே சொல் வேறு முகாமாகிவிடுகிறது. விதிப்படி அந்தச் சொல் மறுபடி வந்தே தீரும் என்பது வாசகருக்குத் தெரியும், ஆகவே ஒவ்வொரு முறையும் அது வருவதற்கு முன்பே அச்சம் வந்துவிடுகிறது. கட்டற்ற கவிதையில் இந்த அச்சத்தை உண்டாக்க வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு குறைந்த சொல்லில் முடியுமா என்பது ஐயம்தான்.

புதுவாசகி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நான் ஆங்கிலக் கவிதையை அச்சில் மட்டுமே வாசித்துப் பழகியவள். ஆகவே ஓர் அடிப்படைக் கேள்வியைக் கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆங்கிலச் சந்தத்தில் எதை எண்ணுகிறார்கள்? பத்து அசை என்கிறார்கள், ஐந்து என்றும் சொல்கிறார்கள். அத்துடன், ஏ. ஈ. ஸ்டாலிங்ஸின் கவிதைகளை வாசிக்கும்போது, அவை இயைபுடையவை என்று யாரோ சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அது என் காதின் குறையா, அவருடைய திறமையா?

தாழிசை எழுதியது:

அம்மா, தயங்க வேண்டியதில்லை; அமெரிக்காவிலேயே இந்த ஐயம் உள்ளவர்கள் ஏராளம்.

நாம் குறிலா நெடிலா, ஒற்று தொடர்கிறதா என்று பார்த்து நேர், நிரை என அலகிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்தக் கணக்கு இல்லை. ஒரு சொல்லின் எந்த அசையை வாய் இயல்பாகவே ஓங்கி ஒலிக்கிறது என்பதுதான் அங்கே அளவு. மெல்லிய அசை ஒன்றும் அழுத்தமான அசை ஒன்றும் சேர்ந்தது ஐயாம்ப். அது ஐந்து முறை வந்தால் பத்து அசையும் ஐந்து அழுத்தமும் கொண்ட ஐயாம்பிக் பென்டாமீட்டர். நீங்கள் கேட்ட இரண்டு எண்ணும் சரியே. அவர்களுடைய இயைபு அடியின் இறுதியில் விழுவது. நம் எதுகையைப் போல அடியின் தலைப்பில் நின்று அறிவிப்பதில்லை. ஆகவே தமிழ்க் காதுக்கு அது பிடிபடத் தாமதமாகிறது.

இனி நுட்பமான இடம். அந்த ஐந்து அழுத்தமும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தன் பக்கத்தில் உள்ள மெல்லசையைவிடச் சற்றே கனமாக இருந்தால் போதும். டிமோதி ஸ்டீல் 1999இல் எழுதிய யாப்புப் பயிற்சி நூலில் வற்புறுத்துவது இதைத்தான். சந்தம் மாறாமல் இருக்கும், ஆனால் அதன்மேல் ஓடும் பேச்சின் ஏற்றத்தாழ்வு ஒவ்வோர் அடியிலும் மாறும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள இழுபறியைக் கேட்கத் தெரியாதவர்களே, யாப்பு என்றால் டக்டக் என்று அடிக்கும் ஒன்று என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படி அடிக்கும்படி எழுதியவர்களும் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1990களின் யாப்பு இதழ்களில் அத்தகைய கவிதைகள் நிரம்பவே இருந்தன.

ஸ்டாலிங்ஸ் 1999 முதல் ஏதென்ஸில் வாழும் அமெரிக்கர். கிரேக்க, லத்தீன் இலக்கியம் பயின்றவர். பண்டைய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் நெடுங்கவிதையைப் பதினான்கு அசை அடிகளில், இணை இயைபோடு மொழிபெயர்த்தவர். 2023இல் ஆக்ஸ்ஃபோர்டின் கவிதைப் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய இயைபு உங்களுக்குக் கேட்காமல் போனதற்குக் காரணம், வாக்கியம் அடியின் எல்லையில் நிற்காமல் அடுத்த அடிக்குள் ஓடிவிடுவதுதான். நிற்காத இடத்தில் இயைபு மணி அடிப்பதில்லை. இயைபு என்பது எழுதி முடித்த பொருளுக்குப் பூசும் அலங்காரம் அன்று, கவிதையை முன்னோக்கி இழுத்துச் செல்லும் விசை என்ற கருத்துடையவர் அவர். எழுதிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஓர் ஒலி வேண்டும் என்று தேடிப் போகும்போது, தானாக ஒருபோதும் எட்டியிருக்க முடியாத ஓர் எண்ணத்தின் வாசலில் போய் நிற்கிறோம். இத்தாலிய மொழியில் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவதால் இயைபு மலிவு; ஆங்கிலத்தில் அது அரிது, ஆகவே இந்தத் தேடல் அங்கே கடினமாகவும் பயனுள்ளதாகவும் இருக்கிறது.

ஒரு சொல் கூடுதலாக. 1983இல் ஃபிரடெரிக் டர்னரும் எர்ன்ஸ்ட் பெப்பல் என்ற ஜெர்மானிய மூளையியல் அறிஞரும் பொயட்ரி இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உலக மொழிகளில் கவிதையின் ஓரடி ஏறத்தாழ மூன்று விநாடி நீளமே இருக்கிறது என்றும், மூளை நிகழ்காலத்தை உணரும் அளவே அதுதான் என்றும் வாதிட்டார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அடி எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானித்துவிட்டு அளந்தால் விடை எப்படியும் வசதியாகத்தான் வரும்.

கரிசல்காற்று எழுதியது:

தாழிசை ஐயா கூறிய நுட்பங்களில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நுட்பத்தை மட்டும் பேசி அரசியலை விட்டுவிட முடியாது. இந்த இயக்கம் எழுந்தது ரீகன் அதிபராக இருந்த காலத்தில். ஜோயா அப்போது ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். 'யப்பி' என்ற வசை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1986இல் டயான் வகோஸ்கி இதை அமெரிக்கக் கவிதையின் புதிய பழமைவாதம் என்று சாடினார். 1990இல் ஐரா சடாஃப் இதை ஆபத்தான பழமையேக்கம் என்று எழுதினார். ஒரே தாளத்தையும் ஒரே மரபையும் இயல்பானது என்று முன்வைப்பதில், யாருடைய செவி இயல்பான செவி என்ற கேள்வி மறைந்திருக்கிறது என்பதுதான் சடாஃப் வாதத்தின் சாரம். ஸ்டீல் 1990இல் எழுதியதையும் கவனியுங்கள்: யூரிப்பிடீஸும் டிரைடனும் வேர்ட்ஸ்வொர்த்தும் தத்தம் காலத்தின் செயற்கைச் சொல்லாட்சியை எதிர்த்தார்களே தவிர யாப்பை விடவில்லை, நவீனர்கள்தாம் விக்டோரிய நடையின் குற்றத்தை யாப்பின்மேல் ஏற்றிவிட்டார்கள் என்கிறார். வரலாறாக இது சரியாக இருக்கலாம். ஆனால் கட்டற்ற கவிதையின் முன்னோடியான விட்மன் எங்கே போனார்? 1855இலேயே அமெரிக்கக் கவிதைக்கு வேறொரு மூச்சைத் தந்தவரை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

மேற்குவாசல் எழுதியது:

கரிசல்காற்று அவர்களே, யாப்பு என்றால் வலதுசாரி என்ற சமன்பாடு அமெரிக்க வரலாற்றிலேயே உடைந்துபோனது. 1919ஆம் ஆண்டின் செங்கோடையில் கறுப்பினத்தவர்மீது நகரம் நகரமாகத் தாக்குதல் நடந்தபோது, ஜமைக்காவில் பிறந்த கிளாட் மக்கே எதிர்த்து நின்று மடிவோம் என்று பாடியது ஒரு சானெட்டில். வெளியிட்டது லிபரேட்டர் என்ற இடதுசாரி இதழ். குவென்டலின் புரூக்ஸ் 1945இல் இரண்டாம் உலகப்போரின் கறுப்பினப் படைவீரர்களைப் பற்றிப் பன்னிரண்டு சானெட்டுகள் எழுதினார். அவற்றில் இயைபு முழுமையாகப் பொருந்தாமல் சற்றே பிசகி நிற்கும். நாட்டுக்காகப் போரிடும் ஒருவனை அதே நாடு தனி வரிசையில் நிறுத்தும் நிலைமைக்குப் பிசகிய இயைபே பொருத்தம் என்று எண்ணித்தான் அவர் அவ்வாறு செய்தார். 1950இல் புலிட்சர் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

நியூ ஃபார்மலிசத்தின் காலத்திலும் நிலைமை அப்படித்தான். மெரிலின் ஹேக்கர் 1986இல் இரண்டு பெண்களின் காதலை, அது தொடங்கியது முதல் முறிந்தது வரை, பெரும்பாலும் சானெட்டுகளிலேயே ஒரு நூல் முழுக்க எழுதினார். அவரை எவரும் பழமைவாதி என்று அழைக்க முடியாது. ஆனி ஃபின்ச் 1994இல் யாப்பில் எழுதும் பெண்களுக்கென்றே ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். கியூபாக் குடும்பத்திலிருந்து வந்த மருத்துவர் ரஃபேல் காம்போ, எய்ட்ஸ் நோயாளிகளைப் பற்றி ஐயாம்பிக் அடிகளில் எழுதினார். 1996ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவரும் இருக்கிறார்.

ஏட்ரியன் ரிச் பெயரை முதல் பதிவில் பார்த்தேன். யாப்பைக் கைவிட்ட பிறகு அவரே தம் இளமைக்கால யாப்பைப் பற்றி எழுதியபோது, வெறுங்கையால் தொட முடியாத பொருளைத் தொடுவதற்கு உதவிய அஸ்பெஸ்டாஸ் கையுறை என்று அதைக் குறிப்பிட்டார். அவர் அதைக் கழற்ற வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் தொட வேண்டிய பொருள் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போது கையுறையை வேண்டுமென்றே மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். மெரிலின் நெல்சன் 2005இல் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு எழுதிய சானெட் மாலையைப் பாருங்கள். 1955இல் மிசிசிப்பியில் வெள்ளையர்களால் கொல்லப்பட்ட அந்தச் சிறுவனைப் பற்றி இளையோர் வாசிக்கும்படி எழுத வேண்டும். நெல்சன் எடுத்துக்கொண்டது, நம்மவர்கள் அந்தாதி என்றவுடன் புரிந்துகொள்ளும் ஒரு வடிவம். ஒரு சானெட்டின் ஈற்றடி அடுத்ததன் முதலடியாகும். பதினான்கு முடிந்ததும், அவற்றின் முதலடிகள் பதினான்கையும் வரிசையாக அடுக்கினால் பதினைந்தாவது சானெட் வரும். அந்தப் பதினைந்தாவதன் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாக வாசித்தால் அச்சிறுவனின் பெயரும் அமைதியில் உறங்குக என்ற வாழ்த்தும் தெரியும். இவ்வளவு கடுமையான கட்டுப்பாட்டை ஏன் ஏற்றுக்கொண்டார் என்றால், அந்தக் கொடுமையை நேராகப் பார்க்கும் துன்பத்திலிருந்து அது தமக்கு ஒரு காப்பாக இருந்தது என்ற பொருளில் நூலின் முன்னுரையிலேயே சொல்கிறார்.

நெறியாளர் குறிப்பு:

மேலே வந்த சில பதிவுகள் தமிழ்ப் புதுக்கவிதைச் சண்டையை இங்கே இழுத்து வந்ததால் நீக்கப்பட்டன. அதற்கு வேறு இழை இருக்கிறது. அமெரிக்காவை விட்டு நகர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சொல்லடுக்கு எழுதியது:

நீங்கள் எல்லோரும் அச்சேறிய கவிதையை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இயைபு அமெரிக்கர்களின் வாயை விட்டு ஒருநாளும் போகவில்லை. பல்கலைக்கழகங்கள் அதைத் துறந்துகொண்டிருந்த அதே 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருக்களில் ராப் பிறந்தது. 1979இல் அது வானொலிக்கு வந்துவிட்டது. 1980களின் நடுவில் சிகாகோவில் மார்க் ஸ்மித், மேடையில் கவிதை சொல்லிப் போட்டியிடும் கவிதை ஸ்லாமைத் தொடங்கினார். 1985இல் நெவாடாவின் எல்கோ என்ற சிற்றூரில் மாட்டுப்பண்ணைக் கவிஞர்கள் கூடத் தொடங்கினார்கள்; அவர்கள் சொல்வது பெரும்பாலும் சந்தமும் இயைபும் கொண்ட கதைப்பாடல். கறுப்பின நகர இளைஞனும் மேற்கத்திய மாடுமேய்ப்பவனும், ஒருவரையொருவர் அறியாமலேயே, பேராசிரியர்கள் செத்துவிட்டதாக அறிவித்த ஒன்றைச் செழிப்பாக நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இதை முதலில் கவனித்து எழுதிய இலக்கியவாதிகளுள் ஜோயாவும் ஒருவர் என்பதைக் கரிசல்காற்று அவர்கள் கவனிக்க வேண்டும். 2003இல் அவர் எழுதிய கட்டுரையில், ராப்பின் அடி நான்கு அழுத்தங்கள் கொண்டது என்றும், அது பழைய ஆங்கிலக் கதைப்பாடல்களின் அடியோடு உறவுடையது என்றும் விளக்கினார். ராப்பில் அசையை எண்ணுவதில்லை. நான்கு தட்டுகளுக்கு நடுவே எத்தனை அசையையும் திணிக்கலாம். மேலும், இயைபு அடியின் இறுதியில் மட்டும் வராமல் அடிக்குள்ளேயே இரண்டு மூன்று அசை நீளத்துக்குத் தொடர்ந்து ஒலிக்கும். அச்சுக் கவிஞர்கள் இந்தத் திறமையில் பாதியைக்கூட முயன்று பார்த்ததில்லை என்பது என் கருத்து. 2018இல் கெண்ட்ரிக் லாமருக்குப் புலிட்சர் கொடுத்தார்கள், ஆனால் இசைப் பிரிவில்.

2021இல் பைடன் பதவியேற்றபோது அமண்டா கோர்மன் வாசித்ததை நாடே கேட்டது. அதில் ஒழுங்கான சந்தம் இல்லை. ஆனால் இயைபும் மோனையும் அடிக்கடி வந்து காதைத் தட்டும். அது ஸ்லாம் மேடையிலிருந்து வந்த குரல். வெஸ்ட் செஸ்டர் மாநாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தாழிசை எழுதியது:

சொல்லடுக்கு தம்பி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஜோயா 2003 முதல் 2009 வரை தேசியக் கலை அறக்கொடையின் தலைவராக இருந்தபோது, உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் கவிதையை மனப்பாடம் செய்து மேடையில் சொல்லும் போட்டி நாடு முழுவதும் தொடங்கியது. சந்தக் கவிதை மனத்தில் நிற்கும் என்ற பழைய உண்மையை எந்த அறிக்கையையும்விட அந்தப் போட்டி நன்றாகப் பரப்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஹேய்ஸையும் சூஸையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். பதினான்கு அடி இருந்தால் சானெட் ஆகிவிடாது. அவர்களுடையவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சந்தமும் இல்லை, இறுதி இயைபும் இல்லை. வடிவத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதன் உடலைக் கழற்றி வைப்பது மீட்சி ஆகாது.

மேற்குவாசல் எழுதியது:

ஐயா, உடல் எது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். சானெட்டின் உயிர்நிலை நடுவில் வரும் திருப்பம். ஒரு வாதத்தைத் தொடங்கி, இடமில்லாமல் நெருங்கி, திடீரென்று திரும்பும் அசைவு. ஹேய்ஸ் தம் எழுபது கவிதைகளையும் டிரம்ப் முதல்முறை ஆட்சிக்கு வந்த முதல் இருநூறு நாள்களில் எழுதினார். தம்மைக் கொல்லப்போகிறவனை விளித்து, அவனைக் கவிதைக்குள் அடைத்துவைக்கும் அறையாகவே சானெட்டைக் கையாள்கிறார். அதன் நெருக்கடி பதினான்கு அடி என்ற எல்லையிலிருந்துதான் வருகிறது. அமெரிக்க சானெட் என்ற பெயரையும் தளர்ந்த இலக்கணத்தையும் அவர் எடுத்துக்கொண்டது லாஸ் ஏஞ்சலிஸ் கவிஞர் வாண்டா கோல்மனிடமிருந்து. வில்பரிடமிருந்தோ ஸ்டீலிடமிருந்தோ அல்ல. வெண்தளை அவர்களின் கேள்விக்கு இங்கேயே பாதி விடை இருக்கிறது.

மறுபாதி விடை புரூக்ஸ்தான். ஹேய்ஸ் 2010இல் 'தங்க மண்வெட்டி' என்ற வடிவத்தை உருவாக்கினார்: புரூக்ஸின் ஒரு கவிதையில் உள்ள சொற்களை வரிசை மாறாமல் தம் அடிகளின் இறுதிச் சொற்களாக வைத்தார். பெயரும் அந்தக் கவிதையின் தலைப்பின்கீழ் வரும் பில்லியர்ட்ஸ் விடுதியின் பெயரே. பின்னர் எத்தனையோ கவிஞர்கள் இதே முறையில் எழுதினார்கள். அடியிறுதியில் கட்டாயமாக வந்து விழும் சொல் என்பது இயைபின் வேலையை வேறு வழியில் செய்வதுதானே?

ஜெரிகோ பிரவுன் உருவாக்கிய டூப்ளெக்ஸ் வடிவமும் அப்படித்தான். ஏழு ஈரடிகள், ஒவ்வோர் அடியும் ஒன்பது முதல் பதினோர் அசை, ஓர் ஈரடியின் இரண்டாம் அடி சற்றே மாறி அடுத்த ஈரடியின் முதலடியாகத் திரும்பும், கவிதையின் முதலடியே கடைசி அடியாக வந்து வளையத்தை மூடும். கஸல் என்ற உருதுக் கவிதை வடிவம், சானெட், புளூஸ் என்ற கறுப்பினப் பாடல் வடிவம் ஆகிய மூன்றையும் பிசைந்து செய்தது என்று அவரே விளக்கியிருக்கிறார். அதில் இறுதி இயைபு இல்லை என்பதற்காக விதி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

வெண்தளை எழுதியது:

கஸல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் யாப்பின் கண்டிப்பைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசியவர்களுள் ஒருவர் காஷ்மீரிலிருந்து சென்ற ஆகா ஷாஹித் அலி. 1960களின் இறுதியில் உருதுக் கவிஞர் காலிபின் கஸல்களை ஆங்கிலமாக்கும் முயற்சியில் ஈடுபட்ட ரிச் உள்ளிட்ட கவிஞர்கள், தொடர்பற்ற ஈரடிகளாக எழுதுவதே கஸல் என்று கொண்டு காஃபியா என்ற இயைபையும் ரதீஃப் என்ற மாறாத ஈற்றுச்சொல்லையும் விட்டுவிட்டார்கள். அந்த வழியில் அமெரிக்காவெங்கும் 'கஸல்கள்' பெருகின. ஷாஹித் அலிக்கு அது பொறுக்கவில்லை. இயைபும் அதைத் தொடரும் மாறாத சொல்லும் இல்லாவிட்டால் அது கஸலே அன்று என்று வாதாடி, 2000இல் விதிப்படி எழுதிய ஆங்கில கஸல்களைத் தொகுத்து வெளியிட்டார்; அடுத்த ஆண்டே மறைந்தார். தாழிசை ஐயாவுக்கு அவர்தான் உற்ற துணை.

இந்திய வழியில் வந்த இன்னொன்று விக்ரம் சேத். ஸ்டான்ஃபோர்டில் பொருளியல் ஆய்வு மாணவராக இருந்தவர், ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் நெடுங்கவிதையை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, சான் ஃபிரான்சிஸ்கோ இளைஞர்களைப் பற்றி ஏறத்தாழ 590 சானெட்டுகளில் ஒரு நாவலை எழுதி 1986இல் வெளியிட்டார். அதை அவர் காணிக்கையாக்கியது டிமோதி ஸ்டீலுக்கு. நியூ ஃபார்மலிசத்தின் வட்டத்திலிருந்து பெருவாரியான வாசகரைச் சென்றடைந்த நூல் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எழுதியவர் அமெரிக்கரும் அல்லர், அந்த இயக்கத்தின் உறுப்பினரும் அல்லர்.

ஆகவே என் நிலைப்பாடு இதுவரை வந்த பதிவுகளால் இன்னும் இறுகியிருக்கிறது. இயக்கம் கேட்டது சந்தத்தை, திரும்பியது வடிவம். ஐயாம்பிக் பென்டாமீட்டரில் தேர்ச்சியோடு எழுதுபவர்கள் இன்றும் சிறுபான்மையினர்தாம்: ஸ்டாலிங்ஸ் இருக்கிறார், ஒஹாயோவின் முதல் அரசவைக் கவிஞராக இருந்த கதிரியக்க மருத்துவர் அமித் மஜ்முதார் இருக்கிறார், இன்னும் சிலர் இருக்கிறார்கள். இயைபும் முழுமையாக வரவில்லை. 2008 முதல் 2010 வரை நாட்டின் அரசவைக் கவிஞராக இருந்த கே ரயன் செய்வதைப் போல, குறுகிய அடிகளின் நடுவில் ஒளிந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் விதியை ஏற்று எழுதுவது இளம் கவிஞருக்கு வெட்கமில்லாத காரியமாக ஆகியிருக்கிறது. 1985இல் அது வெட்கமாக இருந்தது.

கரிசல்காற்று எழுதியது:

அந்த வெட்கத்தைப் போக்கியதில் இயக்கத்துக்கும் பங்கு உண்டு என்பதை, அதை எதிர்ப்பவனான நானே சொல்ல வேண்டியிருக்கிறது. வில்லியம் பேயர் 1990 முதல் 2004 வரை நடத்திய ஃபார்மலிஸ்ட் இதழ் இல்லாதிருந்தால், சானெட் எழுதிய இளைஞர் அதை எங்கே அனுப்பியிருப்பார்? அதில் வந்தவற்றுள் பெரும்பகுதி எனக்குச் சலிப்பூட்டியது: புறநகர்த் தோட்டம், மணமுறிவு, தந்தையின் மரணம், எல்லாம் பிசகில்லாத பத்து அசையில். ஆனால் அந்தக் காலத்துக் கட்டற்ற கவிதையிலும் இதே தோட்டமும் இதே தந்தையும்தான் இருந்தார்கள்.

புதுவாசகி எழுதியது:

எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது சொல்வீர்களா? நீண்ட பட்டியல் வேண்டாம்.

மேற்குவாசல் எழுதியது:

புரூக்ஸின் போர்வீரர் சானெட்டுகள், அடுத்து நெல்சனின் மாலை, அடுத்து பிரவுனின் டூப்ளெக்ஸ்கள். இந்த வரிசையிலேயே வாசியுங்கள், வாய்விட்டு வாசியுங்கள்.

தாழிசை எழுதியது:

நடுவில் ஹெக்ட்டின் செஸ்டினாவையும் ஸ்டாலிங்ஸின் ஏதாவது ஒரு நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. பிரவுனுக்கு வந்ததும் இறுதி இயைபு இல்லாதது உங்கள் காதுக்குக் குறையாகப் படுகிறதா இல்லையா என்று இங்கே எழுதுங்கள். மேற்குவாசலும் நானும் அதைப் பற்றி மறுபடி சண்டையிடலாம்.